ஊட்டி ரோட்டில் வண்டியை ஓரங்கட்டிப் பார்க்க வேண்டிய விசித்திரங்கள்

கேட்டிருப்பது இது: திருச்சியிலிருந்து காரில் மூன்று நாள் நீலகிரி, கூட வயதான அப்பாவும் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளும். போட் ஹவுஸ், பொட்டானிக்கல் கார்டன், தொட்டபெட்டா எல்லாம் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. இந்த முறை வழியில் நிறுத்தி "இது ஏன்டா இங்கே வந்து நிற்குது" என்று கேட்கத் தோன்றுகிற மாதிரி ஏதாவது உண்டா?

நிறைய உண்டு. ஆனால் வியூ பாயிண்ட் என்று போர்டு மாட்டிய இடங்களையும், மெழுகுச் சிலை, டைனோசர் பொம்மை, தலைகீழ் வீடு மாதிரி டிக்கெட் கடைகளையும் முதலில் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். அவை எந்தச் சுற்றுலா ஊரிலும் கிடைக்கும். நீலகிரியின் அசல் விசித்திரம் வேறு. இந்த மலையில் வினோதமாக நிற்பதில் முக்கால்வாசி வெளியூர்ச் சரக்கு. யாரோ ஒரு காரியத்துக்காகக் கடல் தாண்டி, மலை தாண்டிக் கொண்டுவந்தார்கள், காரியம் முடிந்த பிறகும் அது திரும்பிப் போகவில்லை. பழம் மலாய் நாட்டிலிருந்து வந்தது, இன்ஜின் சுவிட்சர்லாந்திலிருந்து, உத்திரம் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து, மரம் பெரு நாட்டுக் காட்டிலிருந்து. இந்த ஒரு கண்ணோடு ஏறினீர்கள் என்றால் வழி நெடுகக் கதைதான்.

கிளம்புமுன் இரண்டு விஷயம். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு இ-பாஸ் கட்டாயம், கொடைக்கானலுக்கும் அப்படித்தான். சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பும் வைக்கிறார்கள், அதனால் முன்னதாகவே போட்டுவிடுங்கள். அப்புறம் பிளாஸ்டிக். தண்ணீர் பாட்டில், கேரி பேக் எல்லாம் செக்போஸ்ட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள், எனவே வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் எடுத்து வாருங்கள், வழியில் குடிநீர் ஏடிஎம் இருக்கிறது. ஏறுவது மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியார், குன்னூர் வழியாக, இறங்குவது கோத்தகிரி வழியாக. கோடை சீசனில் போலீஸே இப்படி ஒருவழியாக்கிவிடும், மற்ற நாட்களிலும் இந்த வரிசைதான் நல்லது.

மேட்டுப்பாளையம் தாண்டினால் கல்லாறு. 1900-ல் ஆரம்பித்த அரசுப் பழப்பண்ணை அங்கே இருக்கிறது. ஆனால் அது யானை நடமாடும் இடம், உள்ளே விடுவார்களா மாட்டார்களா என்று அங்கே நின்று நேரத்தைப் போக்க வேண்டாம். நேரே மேலே பர்லியாருக்குப் போங்கள். அங்கேயும் 1871-லிருந்து ஒரு பண்ணை உண்டு, ஜாதிக்காய், கிராம்பு, மங்குஸ்தான், துரியான் என்று இந்தோனேசியா, மலாய்த் தீவுப் பயிர்களை வெள்ளைக்காரர்கள் இங்கே நட்டுப் பார்த்தார்கள். கீழே சமவெளி வெயில், மேலே குன்னூர்க் குளிர், நடுவில் இந்த ஒரு பட்டைக்கு மட்டும் வெப்பமும் ஈரமும் சரியாக அமைந்துவிட்டது, அதனால் பிழைத்துக்கொண்டன. பண்ணைக்குள் போகாவிட்டாலும் பரவாயில்லை, ரோட்டோரக் கடைகளிலேயே எல்லாம் வந்துவிடும். ஜூன் ஜூலை வாக்கில் வந்தால் மங்குஸ்தான் குவிந்திருக்கும்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். மங்குஸ்தான் பழத்தைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் பூ முத்திரை மாதிரி ஒரு சின்ன அச்சு இருக்கும். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. ஐந்து இதழ் என்றால் ஐந்து சுளை, ஏழு என்றால் ஏழு. உடைக்கும் முன் எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள், பந்தயம் கட்டினால் தோற்க மாட்டார்கள். கடைக்காரர் நகத்தால் அழுத்தி, அமுங்குகிற பழமாகப் பொறுக்கித் தருவார், கல் மாதிரி இறுகியது வேண்டாம் என்று நீங்களும் சொல்லுங்கள். தோலின் ஊதாச் சாறு சட்டையில் பட்டால் போகாது, அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். துரியான் விஷயம் வேறு. குழந்தை பாக்கியத்துக்கு என்று நம்பி அதைத் தேடி எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள், அதனால் விலை கிடுகிடுவென ஏறிவிட்டது. அந்த நம்பிக்கைக்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. ருசிக்கு வாங்குவதானால் வாங்குங்கள், ஆனால் அங்கேயே நின்று தின்றுவிட்டு ஏறுங்கள். கண்ணாடி ஏற்றிய காரில் ஒரு துரியானின் நாற்றத்தோடு கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் பாருங்கள், ஊட்டி போய்ச் சேரும்போது உங்கள் அப்பா உங்களோடு பேச மாட்டார்.

அடுத்தது மலை ரயில். ஏறிப் போவதைச் சொல்லவில்லை, அதற்கு டிக்கெட் கிடைப்பது தனிக் கூத்து. ரோட்டில் வருகிறவர்கள் செய்ய வேண்டியது குன்னூர் ஸ்டேஷனில் இறங்கி, மேட்டுப்பாளையம் பக்கம் போகும் தண்டவாளத்தை உற்றுப் பார்ப்பது. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் ஓடும். ஒன்றல்ல, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் வருகிற மாதிரி முன்பின்னாக வைத்திருப்பார்கள். இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் இதைக் கவ்விக்கொண்டே ஏறும், ஒரு பல் விடுகிற நேரத்தில் இன்னொரு பல் பிடித்திருக்கும், பிடி ஒரு கணம்கூட விடாது. ஆப்ட் முறை என்று பெயர். சரிவு பன்னிரண்டு அடிக்கு ஒரு அடி ஏற்றம், சாதாரண ரயில் சக்கரம் அந்தச் சரிவில் வழுக்கும். இன்ஜின் முன்னால் நின்று இழுக்காது, பின்னால் இருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வரும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன் தனியாக நிற்பார், கொடியும் கையில் இருக்கும்.

குன்னூர் வரை 1899-ல் வந்தது, ஊட்டிக்கு 1908-ல் போனது. மொத்தம் 46 கிலோமீட்டர், 16 குகை, 250 பாலம். 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பழைய நீராவி இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தில் விண்டர்தூர் என்ற ஊரில் செய்து கப்பலில் வந்தவை. பல்தண்டவாளம் கல்லாற்றிலிருந்து குன்னூர் வரைக்கும்தான், அதற்கு மேல் சரிவு குறைவு, சாதாரணத் தண்டவாளமே போதும், அதனால் குன்னூரில் இன்ஜின் மாற்றுவார்கள். அந்த மாற்றலைப் பார்க்கக் கிடைத்தால் அதிர்ஷ்டம், ரயில் வருகிற நேரத்தை ஸ்டேஷனில் கேட்டுவிட்டு ஒரு டீயும் வர்க்கியும் சாப்பிட்டுக்கொண்டு நில்லுங்கள். ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைக் கடையில் வாங்கி ஊருக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டு "என்ன இது, காய்ந்த பப்ஸ் மாதிரி இருக்கு" என்று சொல்கிறவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். அது டீயில் தோய்த்துத் தின்பதற்கு, அதுவும் சுட்ட அன்றோ மறுநாளோ, விறகு அடுப்பு பேக்கரியில் வாங்கியதாக இருந்தால் இன்னும் நல்லது.

குன்னூரிலிருந்து ஊட்டி வரை எதற்கும் நிற்க வேண்டாம். அருவங்காட்டில் 1904-லிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை, சுற்றுச்சுவர்தான் தெரியும், போட்டோ எடுத்து வம்பை விலைக்கு வாங்காதீர்கள்.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். மூன்று நாளில் ஒரே ஒரு இடம்தான் முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஊட்டியிலிருந்து முத்தோரை பாலாடா போகும் ரோட்டில், உருளையும் கேரட்டும் பீட்ரூட்டும் போட்ட படிக்கட்டு வயல்களுக்கு நடுவே, மலைச்சரிவு முழுக்க ஒரு நீளமான கம்பிக் கூடு, ராட்சசன் வீட்டுக் கூரை ஓடு ஒன்றை மல்லாத்திப் போட்ட மாதிரி படுத்திருக்கும். முதல் முறை பார்க்கிறவர்கள் மின்வாரியத்துச் சமாச்சாரம் என்றுதான் நினைப்பார்கள். அது ஊட்டி ரேடியோ தொலைநோக்கி. டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் கோவிந்த் ஸ்வரூப் திட்டம் போட்டு, முழுக்க இந்தியாவிலேயே செய்து, 1970-ல் ஓட ஆரம்பித்தது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். 24 இரும்புச் சட்டங்கள் வரிசையாக நிற்க, அவற்றின் மேல் மெல்லிய எவர்சில்வர்க் கம்பி 1,100 இழை நீளவாக்கில் ஓடுகிறது. கண்ணாடி கிடையாது, தட்டு கிடையாது, அந்தக் கம்பிகளேதான் விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலையைப் பிரதிபலிக்கும் பரப்பு. பக்கத்தில் நின்று பார்த்தால் கம்பிக்குக் கம்பி இடைவெளியில் வானம் தெரியும்.

இது ஏன் ஊட்டியில்? குளிருக்காக இல்லை. ஊட்டி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 டிகிரி சொச்சத்தில் இருக்கிறது. தெற்கு வடக்காகச் சரியாக அதே 11 டிகிரி சாய்ந்த ஒரு மலைச்சரிவு கிடைத்தால், அதன் மேல் நீளமாக ஒரு தொலைநோக்கியைப் படுக்க வைத்தால், அதன் அச்சு பூமி சுழலும் அச்சுக்கு இணையாகிவிடும். அப்புறம் வானத்தில் ஒரு பொருளைத் துரத்த மேலே கீழே என்று ஆட்ட வேண்டியதில்லை. பூமி ஒரு பக்கம் சுழல, இதை அதே வேகத்தில் மறுபக்கம் புரட்டிக்கொண்டே போனால் போதும், ஒன்பதரை மணி நேரம் வரை ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்தச் சரிவைத் தேடி அலைந்துதான் இங்கே வந்தார்கள். கட்டிய நோக்கமும் சுவாரசியம். நிலா நகரும்போது அதன் பின்னால் இருக்கும் ரேடியோ அலை விடும் தூரத்து விண்மீன் மண்டலங்களை ஒவ்வொன்றாக மறைக்கும், அந்த மறையும் கணத்தையும் மறுபடி தெரியும் கணத்தையும் அளந்தால் அந்த மண்டலம் எத்தனை பெரிது என்று கணக்கிடலாம். நிலாவையே ஒரு கத்தியாக வைத்து அண்டத்தை அளந்திருக்கிறார்கள், சுற்றிலும் பூண்டும் கேரட்டும் விளைகிற ஒரு சரிவில் உட்கார்ந்துகொண்டு.

உள்ளே போய்ப் பார்க்க முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும், பள்ளிப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எழுதிக் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டாலும் நஷ்டமில்லை, ரோட்டிலிருந்தே முழுசாகத் தெரியும், அப்பா வண்டியை விட்டு இறங்கக்கூட வேண்டாம். காலையில் போங்கள், மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கினால் அரை கிலோமீட்டர் நீளச் சாமானும் கண்முன்னால் காணாமல் போகும். அதே முத்தோரையில் பழங்குடியினர் ஆய்வு மையத்தின் மியூசியம் ஒன்று உண்டு, தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆறு பேரின் வீட்டு மாதிரிகளும் புழங்கு பொருட்களும் இருக்கும். ஊட்டிக்கு வரும் கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட அந்தப் பக்கம் திரும்புவதில்லை என்று நினைக்கிறேன், அதனால் நிதானமாகப் பார்க்கலாம்.

ஊட்டி டவுனுக்குள் எனக்கு இரண்டே நிறுத்தம். ஒன்று செயின்ட் ஸ்டீபன் சர்ச். 1830-ல் கட்டி முடித்தார்கள். உள்ளே நுழைந்ததும் எல்லாரும் வண்ணக் கண்ணாடி ஜன்னலைப் பார்ப்பார்கள், நீங்கள் தலையைத் தூக்கிக் கூரையைப் பாருங்கள். அந்த உத்திரங்களும் மரங்களும் திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணத்து லால் பாக் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்தவை. அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் ஒழுங்கான ரோடு கிடையாது, யானையை வைத்து மலையேற்றியிருக்கிறார்கள். திப்பு செத்து முப்பது வருஷத்தில் அவர் வீட்டு மரத்தின் கீழே நின்று கம்பெனிக்காரர்கள் ஜெபம் பண்ணியிருக்கிறார்கள், இதைவிட விசித்திரம் என்ன வேண்டும். பின்னால் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, ஊட்டியை உண்டாக்கிய ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் அங்கேதான் அடக்கம்.

இன்னொன்று போட் ஹவுஸுக்கு எதிரே இருக்கும் நூல் தோட்டம். பூ, இலை, புல் எல்லாமே எம்பிராய்டரி நூல். ஊசி இல்லை, மெஷின் இல்லை, கையால் சுற்றியே 50 பெண்கள் 12 வருஷம் செய்தது, 6 கோடி மீட்டர் நூல் என்று அவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். வாசலில் ஊட்டி முழுக்க நிஜப் பூ பூத்துக் கிடக்க, காசு கொடுத்து நூல் பூ பார்ப்பதா என்று தோன்றும். தோன்றட்டும், அதுதான் அதன் வினோதம். அரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது. மழை பிடித்துக்கொண்டால் ஒதுங்குவதற்கு நல்ல இடம்.

பொட்டானிக்கல் கார்டன் பார்த்தாச்சு என்று சொன்னீர்கள், ஆனால் அங்கே 2 கோடி வருஷத்துக்கு முந்தைய, கல்லாகிப்போன மரத்தண்டு கிடக்கிறதே, அதைப் பார்த்தீர்களா? முக்கால்வாசிப் பேர் அதன் மேல் பையை வைத்துவிட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

வந்தவர்கள் கதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன், இருந்தவர்களையும் சொல்ல வேண்டும். தோடர் குடியிருப்புக்கு மந்து என்று பெயர். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தநாடு மந்து, தோடர்களுக்குத் தலைமை மந்து மாதிரி. அங்கே மூன்போ என்று ஒரு கோயில், நெட்டுக்குத்தாகக் கூம்பு வடிவில், உச்சியில் ஒரு கல்லோடு நிற்கும். தோடர் வீடும் கோயிலும் பொதுவாக அரைவட்டமாக வளைத்துக் கட்டியது, இந்தக் கூம்பு வடிவம் மிக அரிது. மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துக் கட்டி, சதுப்பு நிலத்துப் புல்லால் வேய்ந்திருப்பார்கள், ஆணி ஒன்றும் கிடையாது. வருஷக் கடைசியில், டிசம்பர் கடைசி ஜனவரி ஆரம்ப வாக்கில், மொற்பர்த் பண்டிகைக்கு எல்லா மந்துகளிலிருந்தும் ஆண்கள் கூடி ஆடுவார்கள், இளவட்டக்கல்லைத் தோள் வரை தூக்கிப் பின்னால் போடுவார்கள். மற்ற நாளில் போனால் கோயிலைத் தூரத்தில் நின்று பார்ப்பதோடு சரி. சுற்றுச்சுவரைத் தாண்டக் கூடாது, முதலில் மந்தில் யாரிடமாவது கேட்டுவிட்டுப் போகணும். அது ஆட்கள் வாழும் ஊர், வீட்டு வாசலில் கேமராவை நீட்டினால் உங்களுக்கும் பிடிக்காதல்லவா. அவர்கள் போடும் கறுப்பு சிவப்பு எம்பிராய்டரி சால்வை வாங்க விருப்பமிருந்தால் அங்கேயே பெண்களிடம் கேட்டு வாங்குங்கள், அதற்கும் 2013-ல் புவிசார் குறியீடு வந்துவிட்டது.

இரண்டாம் நாள் கூடலூர் ரோடு. தலைகுந்தா தாண்டி பைன் காடு, ஷூட்டிங் மேடு என்று வரிசையாகக் கார்கள் நிற்கும், நீங்கள் நிற்க வேண்டாம். வழியில் தைலக் கொட்டகை ஏதாவது கண்ணில் பட்டால் நில்லுங்கள். ஊட்டியைச் சுற்றிய கிராமங்களில் இன்னும் சில ஓடுகின்றன. பெரிய அண்டாவில் கற்பூர மரம் என்று இங்கே சொல்கிற யூகலிப்டஸ் மரத்து இலையைப் போட்டுக் காலால் மிதித்துத் திணிப்பார்கள், அடியில் விறகு, மூடியிலிருந்து ஒரு குழாய் கிளம்பித் தண்ணீர்த் தொட்டிக்குள் வளைந்து போகும், மறுமுனையில் சொட்டுச் சொட்டாக விழுவதில் தண்ணீர் கீழே நிற்க எண்ணெய் மேலே மிதக்கும், அதை வழித்து எடுப்பதுதான் நீலகிரித் தைலம். கொதித்துக்கொண்டிருக்கும்போது கொட்டகைக்குள் ஒரு மூச்சு இழுத்தால் ஒரு வாரச் சளி விட்டுப்போகும். மரம் மட்டும் ஆஸ்திரேலியாவிலிருந்து 1840-களில் வந்தது, விறகுக்காக நட்டது. இப்போது தண்ணீரை உறிஞ்சுகிறது, சோலைக்காட்டை அழித்துவிட்டது என்று எல்லாரும் அதைத் திட்டுகிறோம், தைலத்தை மட்டும் விடுவதில்லை.

பைக்காரா பேரைச் சொன்னதும் போட்டிங் என்பார்கள். போட்டை விடுங்கள், 1932-லேயே இங்கே தண்ணீரை மலையிலிருந்து குழாயில் இறக்கிக் கரண்ட் எடுத்தார்கள். கோயமுத்தூர் மில்கள் அந்த வேகத்தில் பெருகியதற்கு இந்தக் கரண்டும் ஒரு காரணம்.

அடுத்து நடுவட்டம். இங்கே ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். ஊர் என்றால் சின்னக் கடைவீதி, சரிவெல்லாம் தேயிலை. ஆனால் இந்தச் சரிவுகளில் முதலில் இருந்தது தேயிலை இல்லை, சிங்கோனா. மலேரியாவுக்குக் கொய்னா மாத்திரை செய்கிற பட்டை மரம். பெருவிலும் பக்கத்து ஆண்டிஸ் மலைகளிலும்தான் அது விளைந்தது, அந்த நாடுகள் அதை வெளியே விடவில்லை. காய்ச்சலில் பட்டாளம் பட்டாளமாகச் சிப்பாய்கள் விழுந்துகொண்டிருந்ததால் பிரிட்டிஷ்காரர்கள் 1860 வாக்கில் விதையையும் நாற்றையும் அங்கிருந்து கிளப்பிக்கொண்டு வந்தார்கள். பொட்டானிக்கல் கார்டனை அமைத்த மெக்ஐவர்தான் இங்கே அவற்றைப் பிழைக்க வைத்தார். நாற்று வந்தது சரி, காட்டை வெட்டி நட ஆள்? அப்போது சிங்கப்பூர், பினாங்கு பக்கம் சிறையில் இடமில்லாமல் சென்னை மாகாணத்துக்கு அனுப்பியிருந்த சீனக் கைதிகள் இருந்தார்கள். அவர்களை மலையேற்றி, நடுவட்டத்தில் ஒரு ஜெயிலைக் கட்டி, பகலில் சிங்கோனா நட வைத்தார்கள். ஓபியம் போர்க் கைதிகள் என்று உள்ளூரில் சொல்வார்கள், போர்க் கைதிகளைவிடச் சாதாரணக் குற்றக் கைதிகள் என்பதுதான் பதிவுகளில் இருக்கிறது. தண்டனை முடிந்ததும் சிலர் ஊர் திரும்பவில்லை. நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவே குடிசை போட்டு, தமிழ்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு, காய்கறி போட்டு, கொஞ்சம் காப்பி பயிரிட்டு, மாடு வைத்துப் பால் கறந்து பிழைத்தார்கள். சென்னை மியூசியத்துக்குத் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அந்தக் குடும்பங்களை நேரில் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்.

அந்த ஜெயில் இன்னும் நிற்கிறது, டான்டீ என்ற அரசுக் கம்பெனியின் தேயிலைத் தொழிற்சாலை வளாகத்துக்குள். கனத்த சுவர், குட்டையான வாசல், கம்பி போட்ட சின்னச் சின்ன அறைகள், உள்ளே நுழையும்போதே குளிர் எலும்பில் ஏறும். நல்ல போர்வை போர்த்தியே நடுவட்டத்து ஆடி மாதத்தைத் தாங்க முடியாது, பருவமழை நேரே முகத்தில் அடிக்கும் இடம் இது. தெற்கு சீனத்து வெயிலில் வளர்ந்த ஆள் கல் தரையில் எப்படிப் படுத்திருப்பான் என்று பிள்ளைகளே கேட்பார்கள்.

டான்டீ சேதியும் சேர்ந்துதான் வருகிறது. செயற்கை மருந்து வந்தபின் சிங்கோனாவின் மவுசு போய்விட்டது. 1964-ல் சாஸ்திரி, சிறிமாவோ ஒப்பந்தம் ஆனது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழர்களில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவு. வந்தவர்களுக்குத் தெரிந்த வேலை கொழுந்து பறிப்பது, எனவே 1968-ல் அரசே நீலகிரியில் தேயிலை போட ஆரம்பித்தது, 1976-ல் அது டான்டீ கம்பெனி ஆனது. இன்று கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் லைன் வீடுகளில் இருப்பவர்களில் பலர் அந்தக் குடும்பங்கள்தான். கடையில் டீ ஆற்றுகிற பெரியவரிடம் பேச்சுக் கொடுங்கள், கண்டி, ஹட்டன், நுவரெலியா என்று ஊர்ப் பெயர்கள் வரும். உங்கள் அப்பாவுக்கு இந்த ஊர்தான் பிடிக்கும் என்று எனக்குப் படுகிறது, நல்ல பேச்சுத் துணை கிடைப்பார்கள்.

நடுவட்டத்துக்குக் கீழே ஊசிமலை. இதை மட்டும் வியூ பாயிண்ட் என்றாலும் விட்டுவைக்கிறேன், கூடலூர்ப் பள்ளத்தாக்கு முழுக்க ஒரே பார்வையில் கிடைக்கும். கொஞ்சம் படி ஏற வேண்டும், அப்பா வண்டியிலேயே இருக்கட்டும்.

நேரம் மிச்சமிருந்தால் கூடலூர் தாண்டி தேவாலா. 1880 வாக்கில் இங்கே தங்கம் இருக்கிறது என்று லண்டனில் புரளி கிளம்பி, கம்பெனி மேல் கம்பெனி ஆரம்பித்து, ஷேர் விற்று, இயந்திரம் ஏற்றி, காட்டுக்குள் சுரங்கம் வெட்டினார்கள். தங்கம் இருந்தது, செலவுக்குக் கட்டுப்படியாகிற அளவுக்கு இல்லை. சில வருஷத்தில் எல்லாம் படுத்துவிட்டது. பாழடைந்த சுரங்க வாய்கள் தேயிலைக்கும் காட்டுக்கும் நடுவே இன்னும் இருக்கின்றன. அவற்றைத் தேடி உள்ளே போகாதீர்கள். மண் சரிந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள், யானையும் நடமாடும். ரோட்டிலிருந்து "இங்கேதான் வெள்ளைக்காரன் ஏமாந்தான்" என்று காட்டிவிட்டு வண்டியைத் திருப்புங்கள். முதுமலை வழியாக மைசூர் பக்கம் போகிற எண்ணம் இருந்தால் இரவு 9 முதல் காலை 6 வரை பந்திப்பூர் ரோடு மூடியிருக்கும். மசினகுடியையும் ஊட்டியையும் சேர்க்கும் கல்லட்டி ரோட்டில் 36 கொண்டை ஊசி வளைவு, வெளி மாவட்ட வண்டிக்குக் கட்டுப்பாடும் உண்டு, கூகுள் மேப் குறுக்கு வழி என்று காட்டினாலும் நம்பி இறங்க வேண்டாம். பழக்கமில்லாமல் இரண்டாவது கியரை விட்டுவிட்டு பிரேக்கை மட்டும் அழுத்திக்கொண்டு வருகிறவர்களின் வண்டிதான் அங்கே பள்ளத்தில் கிடக்கும்.

மூன்றாம் நாள் இறக்கம். கோத்தகிரிக்கு இரண்டு கிலோமீட்டர் வாக்கில் கன்னேரிமுக்கு. படகர் ஊர். அங்கே சிவப்பாக ஒரு பழைய பங்களா நிற்கும், கோயமுத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் கட்டியது, நீலகிரியில் வெள்ளைக்காரர் கட்டிய முதல் வீடு. ஊட்டி என்ற ஊரே அதற்கப்புறம்தான். ஊட்டி ஏரியை வெட்டியதும், இங்கிலீஷ் காய்கறி என்று நாம் சொல்கிற சாமான்களை மலையில் விதைத்துப் பார்த்ததும் அவர்தான். ரொம்ப நாள் இடிந்து கிடந்த கட்டிடத்தைச் சரி பண்ணி இப்போது நீலகிரி ஆவணக் காப்பக மியூசியம் ஆக்கியிருக்கிறார்கள். பழைய போட்டோக்கள்தான் அதிகம், அவற்றில் ஊட்டியைப் பாருங்கள், மரமே இருக்காது. மொட்டைப் புல்வெளி, மடிப்புகளில் மட்டும் கொஞ்சம் சோலை, ஒரு ஏரி, நாலு வீடு. இன்று நாம் இயற்கை என்று போட்டோ எடுக்கிற பைன், கற்பூர மரம், சீகை என்கிற வாட்டில் மரம் எல்லாம் அந்தப் படத்துக்கு அப்புறம் வந்தவை.

மியூசியத்தை முடித்துக்கொண்டு இரண்டு மணிக்குள் கோத்தகிரியை விட்டுக் கிளம்பிவிடுங்கள். மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், குன்னூர் ரோட்டைவிடச் சாவகாசமான இறக்கம், ஆனால் சாயங்காலம் யானை ரோட்டுக்கு வரும். வந்தால் ஹாரன் அடிக்காமல், இறங்கிப் படம் எடுக்காமல், லைட்டைக் குறைத்துக்கொண்டு தூரத்திலேயே நில்லுங்கள், எதிரே வருகிற அரசு பஸ் டிரைவர் என்ன செய்கிறாரோ அதையே செய்யுங்கள்.